சூப்புத் தட்டை அளந்த சிறுமி

பதின்வயதினருக்கான ஃபேன்டஸி நாவல்களைப் பற்றி யாராவது கொஞ்சம் உற்சாகமாகப் பேச ஆரம்பித்தால் போதும், கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் புன்னகைப்பார். இன்னுமா இதையெல்லாம் படிக்கிறீர்கள் என்கிற புன்னகை. கேட்டால் காரணமும் சொல்வார். யாரிடம் கேட்டாலும் அதே காரணங்கள்தான்: நிஜத்தைப் பார்க்கப் பயந்தவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம் இது, இங்கே நல்லவன் முழு நல்லவன், கெட்டவன் முழுக் கெட்டவன், கடைசிப் பக்கத்தில் சுபம் போட்டுவிடுவார்கள், பதினான்கு வயதில் படிப்பதில் தப்பில்லை, நாற்பதிலும் படித்தால் ஆள் இன்னும் வளரவில்லை என்று பொருள். இலக்கிய வட்டங்களில் இது ஏறக்குறைய சட்டமாகவே ஆகிவிட்டது. இதில் ஒன்றுகூட நிற்காது என்பது என் கட்சி.

இந்தத் தீர்ப்பின் அடியில் பெரிய மனிதர்களின் கையெழுத்து இருக்கிறது. 2000 ஜூலையில் விமர்சகர் ஹெரால்ட் புளூம் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதழில் ஹாரி பாட்டரை வெளுத்து வாங்கினார். மூன்றரைக் கோடிப் பேர் வாங்கியிருக்கிறார்களே, அத்தனை பேருமா தப்பு என்று தானே கேட்டு, ஆமாம் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். 2003இல் நாவலாசிரியை ஏ.எஸ். பயட், பாட்டரில் மூழ்கும் பெரியவர்கள் குழந்தைப்பருவத்துக்குத் திரும்பிப் போய்ச் சுருண்டுகொள்கிறார்கள் என்கிற பொருளில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் எழுதினார். 2014இல் ரூத் கிரஹாம் ‘ஸ்லேட்’ இதழில் ஒரு படி மேலே போனார். இளையோருக்காக எழுதப்பட்டதைப் படிக்கும் பெரியவர்கள் வெட்கப்பட வேண்டும் என்பது அவர் வாதம்.

இவர்களைத் துணைக்கு அழைப்பவர்கள் இவர்கள் எழுதியதை முழுதாகப் படித்திருக்கிறார்களா என்பதே எனக்குச் சந்தேகம். பாட்டருக்குப் பதிலாகப் புளூம் சிபாரிசு செய்தவற்றில் ‘ஆலிஸ்’ உண்டு, ‘த விண்ட் இன் த வில்லோஸ்’ உண்டு. சட்டைப்பைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடும் முயலும், மோட்டார் கார் மோகம் பிடித்த தேரையும் எந்த எதார்த்தவாதத்தில் சேர்த்தி? அதுமட்டுமில்லை, அவரே 1979இல் ‘த ஃப்ளைட் டு லூசிஃபர்’ என்று ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிப் பார்த்து, பிற்பாடு அதைக் கைகழுவியவர். பயட் பாட்டரைக் குறை சொன்ன அதே கட்டுரையில் உர்சுலா லெ குவினையும் டெர்ரி பிராட்செட்டையும் பாராட்டியிருக்கிறார். ரூத் கிரஹாமோ ஃபேன்டஸி வகையறாவைத் தொடக்கத்திலேயே ஓரமாக ஒதுக்கிவிட்டு, இளையோருக்கான எதார்த்த நாவல்களைத்தான் விசாரித்தார். ஆக, ஒருவர் இந்த வகையிலேயே எழுதியவர், ஒருவர் இதன் சிறந்த எழுத்தாளர்களுக்கு ரசிகை, ஒருவர் இதைக் கூண்டில் ஏற்றவே இல்லை. தீர்ப்பு மட்டும் எப்படியோ ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

பெயர்களை விடுவோம், புத்தகங்களுக்கு வருவோம். முதல் குற்றச்சாட்டு தப்பி ஓடுதல். இதற்குப் பதிலாக டோல்கீன் 1939இல் ஆற்றிய உரையை எடுத்து நீட்டுவது வழக்கம். சிறையில் இருப்பவன் வெளியே போக நினைப்பதில் என்ன குற்றம், அவனைப் போர்முனையிலிருந்து ஓடிப்போன சிப்பாயோடு சேர்த்துத் திட்டுவானேன் என்பது அவர் வாதத்தின் சாரம். அழகான வாதம். ஆனால் அதை நான் கையில் எடுக்கமாட்டேன். எடுத்தால் இவை தப்பிக்கும் கதைகள் என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். எனக்குப் பிடித்த ஃபேன்டஸி நாவல்கள் எதிலும் யாரும் எதிலிருந்தும் தப்பிப்பதில்லை.

லெ குவினின் ‘த டூம்ஸ் ஆஃப் அடுவான்’ 1971இல் வந்தது. எர்த்ஸீ வரிசையில் இரண்டாவது நாவல், மெலிந்த புத்தகம். டெனார் என்ற சின்னப் பெண்ணை, இறந்துபோன தலைமைப் பூசாரிணியின் மறுபிறவி என்று சொல்லி, ஐந்து வயதில் வீட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். அவள் பெயரையும் பிடுங்கிவிடுகிறார்கள். பெயரற்ற பழந்தெய்வங்களுக்கு அவள் படையல், அவ்வளவுதான் அவள் அடையாளம். பதினைந்து வயதில் முழு அதிகாரம் கைக்கு வருகிறது. அந்த அதிகாரத்தோடு அவள் செய்யவேண்டிய முதல் காரியங்களில் ஒன்று, பலிக்கென்று அனுப்பப்பட்ட கைதிகள் எப்படிச் சாகவேண்டும் என்று சொல்வது. சோறும் தண்ணீரும் கொடுக்காதீர்கள் என்கிறாள். கத்தவில்லை, அழவில்லை, சொல்லிவிட்டுப் போகிறாள். பிறகு கனவுகள் ஆரம்பிக்கின்றன: இருட்டில் தாகத்தோடு கிடக்கும் யாருக்கோ கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடுகிறாள், போய்ச் சேரவே முடியவில்லை.

அப்புறம்தான் மந்திரவாதி கெட் கதைக்குள் வருகிறான், அதுவும் திருடனாக. நிலத்தடிச் சுழல்பாதையில் அவனை அடைத்துப் பூட்டுகிறாள். அவனும் தாகத்தில் விழுந்து கிடக்கிறான். மேலேயிருக்கும் துவாரங்களின் வழியே பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இந்த முறை தண்ணீர் கொடுக்கிறாள். நாவலின் பெரிய சாகசம் இதுதான். இடி மின்னல் எதுவும் கிடையாது, ஒரு பெண் தான் கொன்ற விதத்தில் இன்னொருவனைக் கொல்லாமல் விடுகிறாள். இருவரும் வெளியேறிய பிறகாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. விடுதலை கிடைத்த பெண், விடுவித்தவனையே குத்தக் கத்தியோடு நிற்கிறாள். வீணாய்ப்போன வருடங்களை நினைத்து அழுகிறாள். சுதந்திரம் பரிசுப்பொருள் மாதிரி வந்து விழாது, சுமையாகத் தோளில் ஏறும் என்பதைப் பன்னிரண்டு வயது வாசகரிடம் இவ்வளவு நேராகச் சொல்ல எத்தனை எதார்த்த நாவலாசிரியர்களுக்குத் தைரியம் இருக்கிறது? இதற்குப் பெயர் தப்பி ஓடுதலாம்.

ஃபிலிப் புல்மனின் ‘நார்தர்ன் லைட்ஸ்’ (1995) இன்னும் கொடுமை. லைரா என்ற பொய்க்காரச் சிறுமி, கடத்தப்பட்ட நண்பன் ராஜரைத் தேடி வடதுருவப் பகுதி வரை போகிறாள். மீட்கிறாள். அப்பாவுக்கு வேண்டிய ஏதோ ஒன்று தன்னிடம் இருக்கிறது, அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி, ராஜரையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போகிறாள். அப்பாவுக்கு வேண்டியிருந்தது ஒரு குழந்தை. யாராவது ஒரு குழந்தை. ராஜரின் உயிரை அறுத்து எடுத்த ஆற்றலில்தான் அவர் வேறு உலகத்துக்கு வழி திறக்கிறார். கூட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தவள் லைரா. வரிசையின் முதல் பாகம் இங்கே முடிகிறது. வாசகரைச் சமாதானப்படுத்த ஒரு வரிகூட இல்லை. மூன்றாம் பாகத்தில் அவள் செத்தவர்களின் உலகத்துக்கே போகிறாள். அங்கே அவள் போவதற்குக் காரணம் உலகைக் காப்பது அல்ல, நண்பனிடம் மன்னிப்புக் கேட்பது. உலகைக் காக்கும் வேலை போகிற வழியில் ஒட்டிக்கொள்கிறது.

மாயம் என்பது இஷ்டப்பட்டதை நடத்திக்கொள்ளும் வசதி என்று நினைப்பவர்கள்தான் இதைத் தப்பித்தல் என்கிறார்கள். இந்த வகையின் நல்ல நாவல்களில் மாயத்துக்கு எப்போதும் கணக்கு உண்டு, அசலும் வட்டியும் யாரோ ஒருவர் கட்டியாக வேண்டும். முதல் எர்த்ஸீ நாவலில் கெட் பகட்டுக்காகச் செய்த ஒரு மந்திரத்தால் நிழலொன்று உலகுக்குள் வந்துவிடுகிறது. அந்தப் பிளவை மூடுவதற்குத் தலைமை மந்திரவாதி தன் உயிரையே செலவழிக்கிறார். பையனுக்கு முகத்தில் வடு, அதோடு ஓயாத துரத்தல். ஓட ஓட நிழலுக்குத்தான் பலம் கூடுகிறது. திரும்பி நின்று நீ அதைத் துரத்து என்று குரு சொல்லும்வரை அவனுக்கு விமோசனம் இல்லை. ஓடாதே என்று கதையே சொல்லும் ஒரு நாவலை ஓடிப்போகிறவர்களின் புத்தகம் என்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அடுத்தது, நல்லவன் கெட்டவன் என்ற கறுப்பு வெள்ளைப் பிரிவினை. இந்த இடத்தில் பிராட்செட்டின் டிஃப்பனி ஏக்கிங்கை அறிமுகப்படுத்தாமல் இருக்கமுடியாது. 2003இல் வந்த ‘த வீ ஃப்ரீ மென்’ நாவலில் அவளுக்கு ஒன்பது வயது. இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளைப் போன்ற மேய்ச்சல் நிலத்தில், ஆட்டுப்பட்டி, பால் கறவை, வெண்ணெய் வேலை என்று வளர்கிறவள். ஆற்றிலிருந்து பச்சைப் பல்லுள்ள பூதம் ஒன்று எழுந்து வருகிறது. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டுகிறாள். பூதத்தின் கண் சூப்புத் தட்டு அளவு என்று போட்டிருக்கிறது. வேறு எந்தக் கதாநாயகியும் செய்யாத காரியத்தை இவள் செய்கிறாள்: சமையலறைக்குப் போய் ஒரு சூப்புத் தட்டை எடுத்து அளக்கிறாள். எட்டு அங்குலம். பிறகு தம்பியை ஆற்றங்கரையில் உட்காரவைத்து, அவனை இரையாகக் காட்டிப் பூதத்தை வரவழைத்து, வாணலியால் ஒரே போடு போடுகிறாள்.

சிரித்துக்கொண்டே படிக்கிறோம். ஆனால் தட்டை அளந்த புத்திதான் நாவல் முழுக்க ஓடுகிறது. அந்த ஊரில் ஸ்னாப்பர்லி என்றொரு கிழவி இருந்தாள். பல் இல்லை, தனக்குத்தானே பேசிக்கொள்வாள், தனியாக வாழ்ந்தாள். பிரபுவின் மகன் காணாமல்போனபோது ஊர் அவளைச் சூனியக்காரி என்றது. வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். குளிர்காலத்தில் அவள் செத்துப்போனாள். கதைப்புத்தகங்களில் வரும் சூனியக்காரிகளைப் பற்றி டிஃப்பனிக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான்: ஒரு கிழவிக்குப் பல் இல்லை என்பது மட்டும் எப்படிச் சாட்சியாகும்? கறுப்பு வெள்ளையாகப் பிரித்துப் பார்க்கும் கதைகள் ஒரு உயிரைக் கொன்றதைப் பார்த்துத்தான் அவள் சூனியக்காரி ஆவது என்று முடிவெடுக்கிறாள், இனி இப்படி நடக்கவிடக்கூடாது என்பதற்காக. நல்லது கெட்டதை எளிமையாக்குகிறது என்று குற்றம் சாட்டப்படும் இலக்கியம், அந்த எளிமையையே பிடித்துக் கூண்டில் ஏற்றுகிறது.

இதே டிஃப்பனி வளர்ந்து வரும் ‘ஐ ஷால் வேர் மிட்நைட்’ (2010) நாவலின் ஆரம்பத்தில், பதின்மூன்று வயது மகளை, அவள் கர்ப்பமாக இருந்தபோது, ஊரில் ஒரு தகப்பன் அடித்து நொறுக்கியிருக்கிறான். கரு கலைந்துவிட்டது. ஊர் அவனைத் தண்டிக்கத் திரண்டு வருகிறது. டிஃப்பனி முந்திக்கொண்டு அவனை ஓடவைக்கிறாள். பிறகு அவன் தூக்கு மாட்டிக்கொள்ளும்போது அறுத்து இறக்கிக் காப்பாற்றுகிறவளும் அவளே. அவனை அவள் மன்னிக்கவில்லை. வேலை அது, செய்கிறாள். கெட்டவனை என்ன செய்வது என்ற கேள்வியை இதைவிட நேர்மையாகக் கேட்ட பெரியவர்களுக்கான நாவல்கள் நிறைய இருக்கலாம். அவற்றை அதிகம் பேர் படிப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

சுப முடிவு பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. கார்த் நிக்ஸ் என்ற ஆஸ்திரேலியர் எழுதிய ‘சாப்ரியல்’ (1995) நாவலில், இறந்தவர்களை இறந்தவர்களாகவே இருக்கவைப்பதுதான் நாயகியின் குலத்தொழில். அதற்கு ஏழு மணிகள் உண்டு. ஏழாவது மணியை அடித்தால் அதைக் கேட்கிற அத்தனை பேரும் மரணத்துக்குள் போய்விடுவார்கள், அடித்தவரும் சேர்த்து. மகள் ஓடித் தப்புவதற்காக அதை அடிப்பவர் அவள் தேடித் தேடிக் கண்டுபிடித்த அப்பா. புல்மன் வரிசையின் கடைசிப் பாகத்தில் லைராவும் அவள் நேசிக்கும் வில் என்ற பையனும் பிரிகிறார்கள். சண்டையில்லை, துரோகமில்லை, யாரும் சாகவில்லை. இருவரும் வேறுவேறு உலகங்களின் பிள்ளைகள், அந்நிய உலகில் உடம்பு நெடுநாள் தாங்காது, உலகங்களுக்கிடையே ஒரேயொரு வாசல்தான் திறந்திருக்கலாம், அது செத்தவர்களுக்கு வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும் பிரியவேண்டியிருக்கிறது. இதைச் சுபம் என்று சொல்கிறவர் எந்தப் புத்தகத்தைப் படித்தார் என்று தெரியவில்லை. அந்தக் கடைசிப் பாகம், ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’, 2001ஆம் ஆண்டுக்கான விட்பிரெட் பரிசில் பெரியவர்களின் நாவல்களையும் தாண்டி ஆண்டின் சிறந்த புத்தகம் ஆனது. குழந்தைகள் பிரிவிலிருந்து வந்த புத்தகம் அதை வென்றது அதுவே முதல் தடவை. பரிசு ஒரு சான்று என்று நான் வாதிடவில்லை. மோசமான புத்தகங்களும் பரிசு வாங்குகின்றன.

மிச்சம் இருப்பது வயது. யார் எதைப் படிக்கலாம் என்று வயதுவாரியாக அலமாரி பிரிப்பது பதிப்பகங்களும் நூலகங்களும் செய்த ஏற்பாடு. எர்த்ஸீயே அப்படிப் பிறந்ததுதான். 1967இல் பார்னாசஸ் பிரஸ் என்ற பெர்க்லி பதிப்பகத்தின் உரிமையாளர், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு நாவல் எழுதித் தாருங்கள் என்று லெ குவினிடம் கேட்டார். அடுத்த ஆண்டே புத்தகம் வந்தது. 2000இல் ஹாரி பாட்டர் ‘நியூயார்க் டைம்ஸ்’ விற்பனைப் பட்டியலின் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டு இறங்காமல் அடம்பிடித்ததும், குழந்தைகளுக்கென்று தனிப் பட்டியல் ஒன்றைத் தொடங்கி அதைத் தூக்கி அங்கே போட்டார்கள். புத்தகத்தின் தரத்தைப் பற்றி இதில் யாரும் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அலமாரியின் பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே இருப்பதை அளப்பது இரண்டாம் தர விமர்சனம். விக்கிரமாதித்தன் கதையைத் திண்ணையில் வாய்விட்டுப் படித்த காலத்தில் பேரனை உட்காரவைத்துத் தாத்தாவை எழுப்பிவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு விஷயத்தை எதிர்த்தரப்புக்கு நானே எடுத்துக் கொடுக்கிறேன், ஏனென்றால் அவர்கள் சரியான இடத்தில் அடிக்கவில்லை. 2012இல் பௌக்கர் நிறுவனம் அமெரிக்காவில் செய்த ஆய்வில், இளையோர் நாவல்களை வாங்குபவர்களில் 55 சதவீதம் பேர் பதினெட்டு வயது நிரம்பியவர்கள் என்று தெரிந்தது. பெரியவர்களுக்கு வெட்கமில்லையே என்று இதைக் காட்டி அங்கலாய்த்தவர்கள் அதிகம். எனக்கு வருத்தம் வேறு. காசு பெரியவர்களிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் சந்தை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. பதினாறு வயது என்று எழுதியிருக்கும், இருபத்தைந்து வயதுப் பெண்ணாகப் பேசுவாள், காதலிப்பாள், வாளை உருவுவாள். பதின்மூன்று வயதின் தடுமாற்றமும் அவமானமும் கோபமும் எழுதப்படுவது குறைந்துவருகிறது. ‘ட்வைலைட்’ ஓடியதும் அதே சாயலில் ஒரு வண்டி, ‘ஹங்கர் கேம்ஸ்’ ஓடியதும் இன்னொரு வண்டி. இரண்டு பையன்களுக்கு நடுவே ஒரு பெண்ணை நிறுத்தி வைப்பதையே கதை என்று நம்பியவை அவற்றில் பல. குப்பை நிறைய. ஆனால் குப்பையைக் காட்டி லெ குவினைத் தள்ளுபடி செய்வது, மலிவு மர்ம நாவலைக் காட்டி தஸ்தயெவ்ஸ்கியைத் தள்ளுவதற்குச் சமம். அவரும் கொலை வழக்குத்தான் எழுதினார்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்த உற்சாகத்துக்கு வருகிறேன். ரசிகர்களுக்கு விமர்சனம் தெரியாது, ஆஹா ஓஹோ மட்டும்தான் தெரியும் என்பது தீர்ப்பின் சொல்லப்படாத பகுதி. நான் பார்த்தவரை நிலைமை தலைகீழ். இந்த நாவல்களைத் தூற்றுகிறவர்கள் பொதுவாகப் பேசுகிறார்கள், ரசிகர்கள் பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறார்கள். எட்டு அங்குலம் என்பது ரசிகருக்குத்தான் நினைவிருக்கும். 2004இல் எர்த்ஸீயைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது கெட்டை வெள்ளைக்காரப் பையனாக ஆக்கிவிட்டார்கள். புத்தகத்தில் அவன் செம்பழுப்பு நிறம், அந்தத் தீவுக்கூட்டத்தின் மக்களில் பெரும்பாலோர் கறுப்பும் மாநிறமும், வெள்ளையர்கள் ஓரத்தில் இருக்கும் கார்காட் நாட்டவர் மட்டும். 1968இலேயே யோசித்து எழுதிய விஷயம் இது. லெ குவின் ‘ஸ்லேட்’ இதழிலேயே கடுமையாக எழுதினார். வாசகர்களும் கொதித்தார்கள். மாயக் கதை, நிறம் எதுவானால் என்ன என்று சமாதானமாகிவிட அவர்களால் முடியவில்லை. வாசிப்பு எவ்வளவு ஊன்றி நடந்திருக்கிறது என்பதற்கு இந்தக் கோபத்தைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

ரசிகர்கள் எழுத்தாளரையே விட்டுவைப்பதில்லை. மூன்றாவது எர்த்ஸீ நாவல் வந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல், லெ குவின் ‘டெஹானு’வை எழுதினார். அதில் கெட்டின் சக்தி போய்விட்டது. ஆடு மேய்க்கிறான். டெனார் நடுவயது விதவை. இருவருக்கும் நடுவே, சொந்த மனிதர்களே சீரழித்து நெருப்பில் தள்ளிய ஒரு குழந்தை. தான் கட்டிய உலகத்தில் மந்திரமும் பள்ளியும் ஏன் ஆண்களுக்கு மட்டும் என்று ஆசிரியரே கேள்வி கேட்டு எழுதிய புத்தகம். பழைய ரசிகர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. எங்கள் கெட்டை என்ன செய்துவிட்டீர்கள் என்றார்கள். இன்னொரு தரப்பு, இதுதான் வரிசையிலேயே சிறந்தது என்றது. இன்றுவரை அந்தச் சண்டை ஓயவில்லை. நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சிக்காரர்களோடு பேசுவதில் எனக்குக் கிடைக்கும் லாபம், புன்னகைக்கிறவரோடு பேசுவதில் கிடைக்காது. அவர்களுக்குப் புத்தகம் முக்கியம்.

இதைப் படியுங்கள் என்று கையில் திணிக்கிறவர்களால்தான் பல நல்ல புத்தகங்கள் உயிரோடு இருக்கின்றன. டையனா வின் ஜோன்ஸ் எழுபதுகளிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். பாட்டர் அலையில்தான் அவருடைய பழைய நாவல்கள் புதுப் பதிப்புகளாகத் திரும்பி வந்தன. அதுவரை தாங்கிப் பிடித்தவர்கள் ஆசிரியைகளும் நூலகர்களும், அக்காவிடமிருந்து தங்கைக்குக் கைமாறிய தேய்ந்த பிரதிகளும். அவருடைய ‘ஹௌல்ஸ் மூவிங் காஸில்’ (1986) நாவலில் சோஃபி மூத்த மகள். கதைகளில் மூத்த பிள்ளைக்கு ஒருபோதும் விளங்காது என்று தன்னைத் தானே நம்பவைத்துக்கொண்டு தொப்பி தைத்துக்கொண்டிருக்கிறாள். சாபத்தால் கிழவியாகிறாள். ஆனவுடன் பயம் போய்விடுகிறது, வாய் நீள்கிறது, கண்டவர்களையெல்லாம் அதட்டுகிறாள். சாபத்தை எடுக்க முயன்ற மந்திரவாதி கடைசியில் கண்டுபிடிப்பது, கிழவி வேஷம் அவளுக்கே பிடித்திருக்கிறது என்பதை. பெண்ணுக்கு எந்த வயதில் தைரியமாகப் பேச அனுமதி கிடைக்கிறது என்ற விஷயத்தை இதற்கு மேல் யார் எழுதிவிடப் போகிறார்கள்? பதினான்கில் படித்தால் சிரிப்பு வரும். நாற்பதில் படித்தால் சிரிப்போடு வேறொன்றும் வரும். ஆகவே, நாற்பதில் படிக்காதவருக்குப் பாதிப் புத்தகம்தான் கிடைக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, வரிசையை மதிக்காமல் ‘அடுவா’னிலிருந்து தொடங்கச் சொல்வேன். முதல் நாவலைப் படிக்காமலே புரியும், இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். பிராட்செட்டை அதற்கு அடுத்து வைத்துக்கொள்ளலாம், தம்பி தங்கை இருக்கும் வீடாக இருந்தால் சத்தமாகப் படிக்கவேண்டும். புல்மன் வரிசையின் மூன்றாம் பாகம் நடுவில் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் மியாசாகி எடுத்த 2004ஆம் ஆண்டுத் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு ‘ஹௌல்’ எனக்குத் தெரியும் என்று சொல்கிறவர்களை நம்பவேண்டாம். படத்தில் இருக்கும் அந்தப் பெரிய போர் புத்தகத்தில் கிடையாது, புத்தகத்தில் இருக்கும் சோஃபியின் வாயில் பாதிகூடப் படத்தில் கிடையாது.